பேட்டை லேத் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னப் பெயிண்ட்பால் திடலில், நீங்கள் நாலு பேரும் சேர்ந்து சரிசெய்து கொடுத்த அந்த மார்க்கரை என் மகள் கையில் எடுத்தாள். முதல் குண்டே இருபது மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்த தகரத்தில் மஞ்சளாகப் பூத்தது. அன்று இரவே உங்கள் நாலு பேருக்கும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இப்போதுதான் முடிக்கிறேன்.

சாயக் குண்டால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடும் பெயிண்ட்பாலில் துப்பாக்கி என்று சொல்வதில்லை, மார்க்கர் என்றே சொல்வோம். 1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் முதல் ஆட்டம் ஆடியவர்கள் கையில் இருந்தது, மரத்திலும் மாட்டிலும் சாயக் குறி போடுவதற்கான கருவி. அந்தப் பேரே நிலைத்துவிட்டது. குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் கனம், மேலே ஜெலட்டின் தோல், உள்ளே சாயம்.

கேரளத்தில் மூடிப்போன ஒரு திடலிலிருந்து எட்டு மார்க்கர்களை மொத்தமாக வாங்கி வந்தேன். ஏழு மார்க்கர்கள் என்ன வகை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எட்டாவதன் கிரிப் ஃபிரேம், அதாவது கைப்பிடியும் டிரிக்கரும் சேர்ந்த அடிச்சட்டம், தனியாகக் கிடந்தது. பேர் இல்லை, எண் இல்லை. முன்பு வைத்திருந்தவர் மேலே இருந்த சாயத்தை உரித்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியதில் எழுத்தெல்லாம் போயிருந்தது. உள்ளே ஒரு போர்டு, 9 வோல்ட் பேட்டரி கசிந்து பச்சைக் களிம்பு ஏறிப்போய்.

டவுணில் டிவி பழுது பார்க்கும் அண்ணனே, முதல் நன்றி உங்களுக்கு. "இது காரக் கசிவு, தண்ணி விட்டுத் துடைச்சா போகாது" என்று எலுமிச்சைச் சாறு தொட்டுத் தொட்டுத் துடைத்தீர்கள், அப்புறம் ஸ்பிரிட். அதைவிடப் பெரிது நீங்கள் கேட்ட ஒரு கேள்வி. "ஒரு வயர் இங்கேயே இருக்கிற காயிலுக்குப் போகுது. இன்னொண்ணு முன்னாடி வெளியே போகுதே, அந்தக் காயில் எங்கே?" வீட்டுக்கு வந்து மார்க்கர்கள் வந்த பெட்டியை மறுபடி கவிழ்த்தேன். ஏதோ கம்ப்ரசர் உதிரி என்று ஒதுக்கி வைத்திருந்த குட்டி வால்வில் அதே இணைப்பி இருந்தது.

அந்தப் படத்தைப் பெங்களூரில் விளையாடும் தம்பிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணே, அது ஈ-பிளேடு. ஆட்டோகாக்கர்னு ஒரு வகை மார்க்கர், அதுக்கு மாட்டுற மின்சார ஃபிரேம். இங்கிலாந்தில் பிளானெட் எக்லிப்ஸ் கம்பெனி செய்தது." காரணத்தையும் சொன்னாய் தம்பி. சாதா ஆட்டோகாக்கரில் டிரிக்கரை இழுத்தால் முதலில் சுத்தியல் விடுபட்டு வால்வை அடிக்கும், குண்டு போகும். இழுப்பு இன்னும் கொஞ்சம் பின்னால் போனதும் முன்பக்கக் காற்று வால்வு திரும்பி, பின்கட்டையை நகர்த்தி, அடுத்த குண்டு விழ வழி விடும். இரண்டும் ஒரே விரலில். ஈ-பிளேடு இந்த இரண்டு வேலையையும் இரண்டு சாலினாய்டுகளுக்கு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் இரண்டு காயில்களுக்கு, பிரித்துக் கொடுக்கிறது. அதனால்தான் இரண்டு வயர். எவ்வளவு அழகான யோசனை! இப்போது அதிகம் கண்ணில் படாத சாமான் என்றும் சொன்னாய். அதற்கப்புறம் அதைத் தொடவே கை பயந்தது.

சரி, பேட்டை அண்ணாச்சிக்கு வருகிறேன். ஃபிரேமின் அடியில் காற்றுக் குழாய்க் கட்டை மாட்டும் இரண்டு துளைகளில் ஒன்றில் மரை தின்றுபோயிருந்தது. யாரோ 5 மில்லி ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன், ஏனென்றால் மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜை வைத்தால், 5 மில்லி ஸ்க்ரூவுக்கு உள்ள 0.8 பொருந்துவதுபோலவே தெரிகிறது. அண்ணாச்சி மட்டும் நம்பவில்லை. நல்லபடியாக இருந்த பழைய ஸ்க்ரூவைக் கழற்றி மைக்ரோமீட்டரில் பிடித்தார், 4.8-ஐக்கூடத் தொடவில்லை. "மில்லி சாமான்னா அஞ்சுக்குப் பக்கத்துல நிக்கணும்லா. இது இஞ்சு மரை, ஒரு இஞ்சுக்கு முப்பத்திரண்டு." கணக்குப் போட்டால் ஒரு மரைக்கு 0.794 மில்லி. 0.8-க்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கனத்தில்தான் உதைக்கும். தம்பி அப்புறம் அதன் பேர் 10-32 என்றான். இந்த விளையாட்டுச் சாமான்களில் பரவலாக வரும் அளவு.

அந்த அளவுக்கு மரை வெட்டும் டேப்பை மதுரையிலிருந்து வரவழைத்து, துளைக்குள் உட்கார பித்தளையில் சின்ன புஷ் ஒன்றைக் குழல்போலக் கடைந்து, வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை வெட்டி உட்கார வைத்தார் அண்ணாச்சி. அலுமினியத்தின் மேல் ஒரு கீறல் இல்லை. மூன்று நாள் மற்ற வேலையை ஒதுக்கி வைத்தீர்கள், அது எனக்குத் தெரியும்.

அம்பாசமுத்திரத்து ஆசாரி மாமா, சொப்புச் சாமான் கடையும் கையால் எனக்குக் கைப்பிடித் தகடு செய்து தந்தீர்கள். மார்க்கரோடு வந்த ரப்பர் தகடுகள் இற்றுப்போயிருந்தன. ஸ்க்ரூ இடைவெளி 78 மில்லி, கோல்ட் 1911 கைத்துப்பாக்கிக்கு உள்ள அதே அளவு, அதனால் வெளியிலும் வாங்கலாம். ஆனால் மகளுக்குச் சின்னக் கை. கடையில் வாங்கும் தகடு போட்டால் விரல் டிரிக்கருக்கு எட்டாது. "பிள்ளை கை எப்படிப் பிடிக்குன்னு எனக்குத் தெரியணுமே" என்றீர்கள். காருகுறிச்சியில் இறங்கி ஒரு கைப்பிடி மண் வாங்கி, ஃபிரேமைச் சுற்றி அப்பி, அவளைப் பிடிக்கச் சொன்னோம். அந்த விரல் பதிவைப் பார்த்துத்தான் மஞ்சக்கடம்பில் செதுக்கினீர்கள். அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால்தான் சூட்டில் இளகிப் படியும், தட்டையான துண்டில் அது நடக்காது என்று சொல்லி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏழு முறை தேய்த்தீர்கள். குற்றாலச் சாரலில் நனைந்தும் அந்த மரம் இன்றுவரை வீங்கவில்லை.

ஓடவிட்ட அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைத்த மலிவான 9 வோல்ட் பேட்டரி போட்டதும் நாலு குண்டில் போர்டு அணைந்துவிட்டது. சாலினாய்டு ஒரே இழுப்பில் கேட்கும் மின்சாரத்தை அதனால் தர முடியாது. அல்கலைன் போட்டதும் சரியானது. வேகத்தை நொடிக்கு 280 அடிக்குக் கீழே வைத்து, கருவியில் அளந்து பார்த்த பிறகுதான் மகளிடம் கொடுத்தேன்.

அண்ணாச்சி, அந்த டேப் உங்கள் பட்டறையிலேயே இருக்கட்டும், இன்னும் ஏழு மார்க்கர் வரிசையில் நிற்கின்றன. மாமா, தகட்டைத் துடைக்க என்ன எண்ணெய் என்று மகள் கேட்கிறாள். ஆனிச் சாரல் விழ ஆரம்பித்ததும் எல்லோரும் குடும்பத்தோடு திடலுக்கு வர வேண்டும். முகக்கவசம் எல்லோருக்கும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், மதினியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் தென்காசித் தம்பி