ஊசி போதும், பூச்சி வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் அறிவியல் பக்கத்தில் தண்ணீர் மேல் ஓடும் பூச்சியைப் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் கடைசியில் கொடுத்திருந்த சோதனையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பூச்சியைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் ஊற்றச் சொல்லியிருந்தீர்கள். பள்ளி நாட்களில் நானே அதைச் செய்திருக்கிறேன். சொட்டு விழுந்ததும் கால்கள் உள்ளே இறங்கின, உடம்பு நனைந்தது. துடித்துப் பார்த்தும் அதனால் மேலே ஏற முடியவில்லை. வெளியே எடுத்துப் போட்டும் பிழைக்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதே பாடத்துக்கு ஒரு தையல் ஊசி போதும். மெல்லிய காகிதத் துண்டின் மேல் ஊசியைக் கிடத்தி, தண்ணீரில் மெதுவாக விடுங்கள். காகிதம் ஊறி மூழ்கிவிடும், ஊசி மேலேயே கிடக்கும். அப்புறம் ஓரமாக ஒரு சொட்டு சோப்பு. ஊசி உடனே அடிக்குப் போய்விடும். தண்ணீரின் மேற்பரப்பை இழுத்துக் கட்டிய தோல்போல் வைத்திருக்கும் பரப்பு இழுவிசை குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் குழந்தை கண்ணாலேயே பார்த்துவிடும்.

‘எடை குறைவு என்பதால் மூழ்குவதில்லை’ என்று எழுதியிருந்ததும் பாதிதான் சரி. சோப்பு விழுந்ததும் பூச்சியின் எடை கூடிவிடவில்லையே, பிறகு ஏன் கால் இறங்குகிறது? விஷயம் அந்தப் பரப்பு இழுவிசையிலும் பூச்சியின் கால்களிலும் இருக்கிறது. அவற்றில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொரு மயிரிலும் நுண்ணிய வரிப்பள்ளங்கள். அவற்றுக்குள் காற்று தங்கிவிடுவதால் தண்ணீர் காலில் ஒட்டுவதில்லை. 2004-இல் சீன ஆய்வாளர்கள் அளந்தபோது, ஒரே ஒரு கால் பூச்சியின் மொத்த எடையைப் போல் சுமார் 15 மடங்கைத் தாங்கியது. நடுக்கால்கள் துடுப்பு, பின்கால்கள் சுக்கான், குட்டையான முன்கால்கள் இரையைப் பிடிக்க. தண்ணீரில் விழுந்து தவிக்கும் சிறு பூச்சி கிளப்பும் அலையை இது காலாலேயே உணர்ந்து ஓடி வந்துவிடும்.

இதைப் பார்க்கப் பூச்சியைப் பிடிக்கவே வேண்டாம். வெயில் நேரத்தில், தெளிந்த ஆழமில்லாத தண்ணீரின் ஓரமாகப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து, அதன் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பின் நிழல் மெல்லிய கோடுதான். ஆனால் கால்கள் ஊன்றிய இடங்களில், காலைவிடப் பல மடங்கு பெரிதாக, பளிச்சென்ற விளிம்போடு கருவட்டங்கள் தெரியும். கால் அழுத்தித் தண்ணீரில் விழுந்த குழி வெளிச்சத்தை வளைப்பதால் வரும் நிழல் அது. பூச்சி நகர நகர வட்டங்களும் தரையில் கூடவே ஓடும்.

அடுத்த இதழில் ஊசிச் சோதனையைப் படத்தோடு வெளியிட்டு, பூச்சியை வைத்துச் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்