கொழும்பு நீதவான்களுக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ நீதவான்களுக்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவினருக்கும்,

வணக்கம். பாலியல் தொந்தரவு வழக்குகளில் முறைப்பாடு செய்த பெண்களோடு நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போய்வருகிறவள் நான். உங்கள் தீர்ப்புகளைப் பற்றி இந்த மடலில் ஒன்றுமில்லை. தீர்ப்பு வரும்வரை அந்தப் பிள்ளைகள் தாக்குப்பிடிப்பதுதான் பெரிய பாடு.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995 திருத்தத்தின்படி, ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. நட்டஈடும் கட்டச் சொல்லலாம். ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் 90 சதவீதமான பெண்கள் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள், பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம்தான் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் சொன்னது. அந்தச் சிலரில் ஒருத்திதான் உங்கள் முன் வந்து நிற்கிறாள்.

புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்த பிள்ளை அவள். வழக்கைக் கூப்பிடுமுன்பே விறாந்தையில் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, கல்யாணம் கட்ட வேண்டிய பிள்ளை நீங்கள். சமாதானமாப் போயிடுவம்." குரலில் அவ்வளவு பாசம்! அந்தப் பாசத்துக்குச் சாட்சியை மிரட்டுதல் என்றும் ஒரு பெயர் உண்டு. உள்ளே போனால், காசோலை வழக்குக்காரரும் குடு வழக்குக்காரரும் வாகனத் தண்டப்பணம் கட்ட வந்தவர்களுமாக ஒரு கூட்டம். அவ்வளவு பேர் முன்னால்தான் "எங்கே தொட்டார்?" என்று கேட்கிறார்கள். அவள் தமிழில் விக்கி விக்கி நாலைந்து வசனம் சொன்னாள். மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். அடுத்த முறை போனோம், விசாரணை செய்த பொலிஸ்காரருக்கு இடமாற்றம். மறுபடி தவணை.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். பாலியல் விடயங்களில் சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்ப அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை உங்களுக்கு அதிகாரம் தருகிறது. மொழி புரியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்கிறது 24ஆம் உறுப்புரை. (அவள் தரப்பு இல்லை, சாட்சிதானே என்று வாதாட ஒருவர் வரத்தான் செய்வார்.) சாட்சியை மிரட்டுவது குற்றம் என்றும், தூர இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சியம் சொல்லலாம் என்றும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? பொலிஸ் சொல்லவில்லை. தனக்கென்று சட்டத்தரணி வைக்க அவளிடம் காசுமில்லை.

பொய் முறைப்பாடே வருவதில்லையா என்று ஒரு சட்டத்தரணி என்னிடம் கேட்டார். வரலாம். சரி, அப்படி மாட்டிக்கொண்ட மனிதருக்கு மட்டும் இந்த இழுத்தடிப்பு நல்லதா? அவரும் தவணைக்குத் தவணை அதே வாங்கில்தானே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, இந்த வழக்குகளை முதல் தடவை கூப்பிடும்போதே, மூடிய அறையில் சொல்ல விருப்பமா, எந்த மொழியில் சொல்வது வசதி, யாராவது மிரட்டினார்களா என்று நீங்களே அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். சொன்ன பதிலை வழக்கேட்டில் பதியுங்கள். சாட்சியத்துக்குக் குறித்த நாளில் பொலிஸ்காரர் வராவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நீதிச்சேவை ஆணைக்குழு இதையே ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால், புதுக்கடை நீதிமன்றத்திலும் கல்கிசை நீதிமன்றத்திலும் ஒரே நடைமுறை இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒருத்தி