பேட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது?

ராணிப்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க இரண்டு வரி, சுமை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை டீசலில் வாங்கவா, மின்சாரத்தில் வாங்கவா என்று விசாரிக்க இரண்டு பக்கம்! முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம்.

ஆம்பூரில் நீ பிடித்திருக்கும் கிடங்கு மூடிய கட்டடம், சமமான தரை. அடுக்கப்போவது பதனிட்டு முடித்த தோல், வேலையும் ஒரே ஷிஃப்ட். பிறகு டீசல் வண்டியைப் பற்றி ஏன் யோசிக்கிறாய்? அடைத்த இடத்தில் அந்தப் புகை ஆளுக்கு ஆகாது. வெளிர்நிறத் தோலில் கரி படிந்தால், வாங்க வருபவர் விரலால் தடவிப் பார்த்தே விலையைக் குறைப்பார். மின்சார வண்டிக்கு முதலில் பணம் கூடுதலாகும். ஆனால் எஞ்சின் ஆயில், ஃபில்டர் என்று மாதாமாதம் அழ வேண்டியதில்லை.

பேட்டரியிடம் மட்டும் மாப்பிள்ளையிடம் நடப்பதுபோல் நடந்துகொள். எங்கள் முதல் வண்டியில் இருந்தது 48 வோல்ட் ஈய அமில பேட்டரி. சார்ஜ் போடும் முன்பே டிஸ்டில்டு வாட்டரை விளிம்புவரை ஊற்றிவிட்டேன். சார்ஜ் ஏற ஏற அமிலம் பொங்கி வழிந்து சிமெண்ட் தரையை அரித்துவிட்டது. சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டுமாம். முதலாளியிடம் திட்டு வாங்கியபிறகு தெரிந்துகொண்டேன். 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் சார்ஜ், 8 மணி நேரம் ஆறவிடுவது என்பது அதன் நாள் கணக்கு. சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதே. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். நம் ஊர் மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே பகலில் சார்ஜ் போட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசி. லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை, டீ குடிக்கும் நேரத்திலும் சார்ஜ் ஏற்றலாம், விலைதான் இடிக்கும்.

பேரணாம்பட்டில் உன் மச்சான் உப்புத் தோலை மழையிலும் சேற்றிலும் திறந்தவெளியில் இறக்குகிறாரே, அவருடைய டீசல் வண்டியை மாற்றச் சொல்லாதே. மேடு பள்ளத்துக்கு அதுதான் சரி.

பழைய மின்சார வண்டியைப் பார்க்கப் போனால், பெயர்ப்பலகையில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், படித்துப் பார். முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாகப் பின்னால் அழுத்தும் எதிர்ப்பாரத்தில் அந்த பேட்டரிக்கும் பெரிய பங்கு உண்டு. சின்னதாக மாற்றி வைத்திருந்தால், சுமை தூக்கும்போது பின்சக்கரம் எழும்பும்.

ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். வரும்போது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ வாங்கி வா. வீட்டில் நான்கு நாளாகக் கேட்கிறாள்.

அன்புடன்,
மூர்த்தி