பாடமும் மதிப்பீடும் முடிவு பண்றப்ப எங்க ஊர் ஆளுங்களையும் கூட உக்கார வைக்கக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள், நீலகிரி மாவட்டம்

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர் உறுப்பினர்கள், அரசு தொடக்கப்பள்ளி, பந்தலூர் தாலுகா

பார்வை: இதே விஷயமா நாங்க ஏற்கெனவே குடுத்த மனுக்கள்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இதுக்கு முன்னாடி திங்கட்கிழமை குறைதீர் நாள்ல நேர்ல வந்து மனு குடுத்தோம், அப்புறம் தபால்லயும் போட்டோம். ரசீது எல்லாம் கையில இருக்கு, பதில் மட்டும் வரல. உங்களுக்கு வேலை நிறைய இருக்கும், தெரியும். அதனாலதான் விஷயத்த இன்னொரு தடவ விளக்கமா எழுதறோம், தயவு செஞ்சு முழுசா படிங்க ஐயா.

1. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-லதான் பள்ளி மேலாண்மைக் குழு வருது. அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும், பின்தங்கின பிரிவு பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கும் இடம் இருக்கணும். எங்க குழுவுல இதெல்லாம் சரியா இருக்கு. மாசக் கூட்டமும் நடக்குது. ஆனா கூட்டத்துல பேசறது கழிப்பறை, காம்பவுண்டு சுவரு, தண்ணி டேங்க், இவ்வளவுதான். பிள்ளைங்க என்ன படிக்கறாங்க, எப்படி மார்க் போடறாங்கன்னு வாயத் தொறந்தா, அது மேல இருந்து வர்றதும்மா, நம்ம கையில இல்லன்னு சொல்லி நோட்ட மூடிடறாங்க.

2. எங்களுக்கு ரொம்ப வலிக்கறது இதுதான். எங்க ஸ்கூல்ல தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைங்க பாதி, கீழ இருக்கற பணியர் பழங்குடி காலனிப் பிள்ளைங்க பாதி. லைன் வீட்டுல இருக்கற எங்க பிள்ளைங்க வீட்டுல தமிழ் பேசுது. எங்க தாத்தா பாட்டி 1964-ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க இருந்து வந்தவங்க, பாஷைக்குக் குறையில்ல. காலனிப் பிள்ளைங்க வீட்டுல பேசறது பணிய பாஷை. அஞ்சு வயசுல ஒண்ணாவதுல வந்து உக்காரும்போதே டீச்சர் பேசறதுல பாதி புரியாது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்துச்சு, அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு சொல்லித்தர்றாங்க, நல்ல திட்டம்தான், நாங்க குறை சொல்லல. ஆனா காலனியில ஒரு பொண்ணு, இப்ப மூணாவது படிக்குது, ஒண்ணாவதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அடி நிலையான அரும்புதான். அது மட்டும் இல்ல, அது கூட இருக்கற காலனிப் பிள்ளைங்க முக்கால்வாசிப் பேரும் அரும்புலதான் கிடக்குது. மதிப்பீடு அன்னிக்கு, இத எழுதற நான் சத்துணவுக்கு அரிசி புடைக்க உதவியா போயிருந்தேன், ஜன்னல் வழியா பாத்தேன். டீச்சர் கையில போன், அதுல வர்ற கேள்விய வாசிக்கறாங்க, படத்தக் காட்டறாங்க, இந்தப் பொண்ணு பாவாடை நுனிய விரல்ல சுத்திக்கிட்டு சுவரையே பாத்துக்கிட்டு நிக்குது. டீச்சர் இன்னொரு தடவ கேக்கறாங்க. அது வாயே தொறக்கல. போன்ல ஏதோ அமுக்கினாங்க, அடுத்த பிள்ளையக் கூப்ட்டாங்க. அவ்வளவுதான் ஐயா அந்தப் பிள்ளைக்கு நடந்த மதிப்பீடு.

அதே பொண்ணு சாயங்காலம் கொழுந்து எடை போடற இடத்துல பாட்டி பக்கத்துல நிக்கும். காலையில இத்தன கிலோ, மத்தியானம் இத்தன கிலோ, சாக்குக்குக் கழிச்சது போக இவ்வளவுன்னு பாட்டி காதுல மனக்கணக்கா சொல்லும், கணக்கப்பிள்ளை எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடும். எந்தக் கொடிக்குக் கீழ கிழங்கு இருக்கு, ஓடையில எந்தக் கல்லுக்கு அடியில நண்டு இருக்கும், ஆனை நேத்து ராத்திரி எந்தப் பக்கமா எறங்கிச்சுன்னு சாணிய வெச்சே சொல்லும். இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாதுன்னு எழுதி மேல அனுப்பியிருக்காங்களே, இது எந்த ஊர் நியாயம்? கேள்வி புரியல அதுக்கு. கணக்கு தெரியாம இல்ல. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியாத ஒரு மதிப்பீட்ட வெச்சுக்கிட்டு வருஷா வருஷம் அந்தப் பிள்ளைய அரும்புலயே உக்கார வெச்சா, அது எதுக்கு ஸ்கூலுக்கு வரும்? அஞ்சாவது முடிக்கறதுக்குள்ள நின்னுடுதுங்க. நின்னதுக்கு அப்புறம் இடைநிற்றல் கணக்கெடுக்க மட்டும் ஆள் வர்றாங்க, காலனியில ஆர்வமில்லன்னு எழுதிட்டுப் போறாங்க. அந்த வார்த்தைய எழுதாதீங்க ஐயா, கை கூப்பிக் கேக்கறோம். எத்தனையோ அம்மாமாருங்க மழையில நனைஞ்சு பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு கேட் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போறத நாங்க தினமும் பாக்கறோம்.

3. டீச்சர் மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஒரே ஆளு ரெண்டு மூணு வகுப்ப சேத்து வெச்சுப் பாக்கறாங்க, பதிவேடு, ஆப், பயிற்சி எல்லாம் அவங்க தலையிலதான்.

4. போன மனு விஷயமா கேக்கப் போனப்ப, பாடத்திட்டம் சென்னையில எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்) போடறது, இங்க மாத்த முடியாதுன்னு வாய் வார்த்தையா சொன்னாங்க. அது எங்களுக்கும் தெரியும் ஐயா! புத்தகத்த மாத்தச் சொல்லி நாங்க கேக்கவே இல்லியே, எங்க பிள்ளைங்களும் நாளைக்குப் பத்தாவது பொதுத்தேர்வு எழுதணும், எல்லா ஊர் பிள்ளைங்க படிக்கற புத்தகமும் வேணும். அதே கல்வி உரிமைச் சட்டத்துல பிரிவு 29-ஐ எடுத்துப் பாருங்க, முடிஞ்ச வரைக்கும் தாய்மொழியில சொல்லித்தரணும், பிள்ளை பயமில்லாம மனசுல இருக்கறதச் சொல்ல உதவணும், புரிஞ்சுதா, அத பயன்படுத்தத் தெரியுதான்னு தொடர்ந்து பாக்கணும்னு அதுலயே இருக்கு. தமிழ்நாட்டுல தொன்மையான பழங்குடின்னு ஆறு இனத்த அரசாங்கமே சொல்லுது, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், ஆறு பேரும் இந்த மாவட்டத்துலயே இருக்காங்க. இங்க செய்யாம வேற எங்க செய்வீங்க?

5. மழை விஷயம் உங்களுக்கே தெரியும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல கூடலூர் பந்தலூர் பக்கம் எப்படிப் பெய்யும், தேவாலாவுல எப்படிக் கொட்டும்னு பாத்திருப்பீங்க. லீவு விட்ட நாள் போக, லீவு விடாத நாள்லயும் வழியில ஆனை நின்னா காலனிப் பிள்ளைங்க வராது. ஆனா முதல் பருவத் தேர்வு கீழ்நாட்டுல நடக்கற அதே செப்டம்பர்லதான். விட்டுப்போன பாடத்த நடத்தி முடிச்சிட்டு வைங்கன்னு குழுவுல தீர்மானம் போட்டோம், நோட்டுலயே கிடக்குது.

6. நாங்க கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. காலனியில ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க, இல்லம் தேடிக் கல்வி நடந்தப்ப அதுல ஒரு பொண்ணு சாயங்காலம் சொல்லிக்குடுத்துச்சு, பிள்ளைங்க அது கிட்ட வாய் ஓயாம பேசும். மதிப்பீடு நடக்கற அன்னிக்கு அந்த மாதிரி ஒருத்தர டீச்சர் பக்கத்துல உக்கார வையுங்க, கேள்விய பிள்ளையோட பாஷையில கேக்கட்டும், வாய்மொழிக் கேள்விக்கு அந்த பாஷையில சொன்ன பதிலையும் பதிலா எடுத்துக்கங்க, அவங்களுக்கு ஒரு மதிப்பூதியம் குடுங்க. ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள், டயட்ல (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல) இருந்து ஒருத்தர், டீச்சருங்க, குழு உறுப்பினர்ங்க, காலனிப் பெரியவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து, அறிவியல் பாடத்துல செடி வர்ற எடத்துல எங்க ஊர் கிழங்கையும் கீரையையும் எப்படிச் சேக்கறது, கணக்குல எடை வர்ற எடத்துல கொழுந்து எடைய எப்படிச் சேக்கறதுன்னு எழுதி வெச்சுக்குவோம். வருஷக் கடைசியில எந்தப் பாடம் பிள்ளைங்க மனசுல நின்னுச்சு, எது நிக்கலன்னு எங்களையும் கேளுங்க. பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன பேசுது, என்ன பேசலன்னு எங்களுக்குத்தானே தெரியும், ஆப்புக்கு எப்படித் தெரியும்?

7. அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் நாலாவது. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க ஐயா. ஏற்கெனவே தாமதம்.

8. நீங்களே வர முடியலன்னா உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர அனுப்புங்க. அடுத்த மதிப்பீடு அன்னிக்கு வந்து பின் பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும், சாயங்காலம் எங்க கூட எடை போடற இடத்துக்கும் வரட்டும். தேதி எங்களுக்கு முன்னாடியே சொல்லணும்னு கூட இல்ல. ஒரே ஒரு ஆள் ஐயா. இதுக்காவது பதில் போடுங்க.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர் உறுப்பினர்கள்
(கையெழுத்தும் கைரேகையும் பின்பக்கம்)

இணைப்பு: முன்பு குடுத்த மனுக்களின் நகல், ரசீது, குழுத் தீர்மான நகல்