பவளம் தின்னும் மீனை வீட்டுத் தொட்டிக்கு விற்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் வீட்டில் கடல்மீன் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பு எவ்வளவு, விளக்கு எத்தனை மணி நேரம் என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்ததும்தான் மனசு பதறிவிட்டது. வெளிர் மஞ்சள் உடம்பில் எட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும் வண்ணத்துப்பூச்சி மீன். மூன்று வருடத்துக்கு முன்னால் குன்னூரில் எங்கள் வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடந்து செத்தது இதே மீன்தான்.

என் மகன் சென்னை கொளத்தூரில் வாங்கி, ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பையில் கொண்டுவந்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏற பை உப்பிக்கொண்டே வந்ததாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெடித்துவிடும்போல இறுகி இருந்தது. குன்னூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,850 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதற்காகக் கூடுதலாக ஒரு காற்று பம்ப் வைத்தோம். தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த ஹீட்டர் போட்டோம். ஜனவரி ராத்திரியில் கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினோம். மலையில் இருக்கிற தொல்லைகளுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி கிடைத்தது. அதன் வயிற்றுக்குத்தான் வழி கிடைக்கவில்லை.

ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் வகையின் முட்டைகளை வாங்கிப் பொரிக்க வைத்து உயிரோடு விட்டோம். மீன் கிட்டே போகும், பார்க்கும், திரும்பிவிடும். ஒரே ஒரு தடவை வாயில் எடுத்து உடனே துப்பியது. வாங்கிய கடைக்குப் போன் செய்தோம். “ரெண்டு நாள் எதுவும் போடாம விடுங்க மேடம், பசி வந்தா தானா சாப்பிடும்” என்றார்கள். நம்பி அப்படியே விட்டோம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் மட்டிச் சதையையும் இறாலையும் அம்மியில் அரைத்து, சொரசொரப்பான கல்லின் ஓட்டைகளில் அப்பித் தொட்டிக்குள் வைத்தேன். நாலைந்து முறை கொத்தியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் அந்தக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் காலையில் விளக்கைப் போட்டதிலிருந்து இரவு அணைக்கும்வரை, ஒன்றுமே இல்லாத மற்றக் கற்களை அந்தச் சின்ன வாய் கொத்திக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு மேலே பிடரிச் சதை வற்றி, நேர் முன்னால் நின்று பார்த்தால் காகிதம் நிற்பதுபோல் ஆகிவிட்டது. இருபத்து மூன்றாம் நாள் காலையில் ஃபில்டர் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அதன் சாப்பாடு என்ன என்று தேடிப் படித்தேன். வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும். இந்த மீன் உயிருள்ள பவளத்தின் மொட்டுகளை, அதாவது பவளப் பாறையைக் கட்டும் சின்னஞ்சிறு உயிர்களைத் தின்றே வாழ்கிறது. பவளப் பாறையில் நாள் முழுக்க இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து என்று மேயும். கடிபட்ட இடத்தைப் பவளம் மறுபடி வளர்த்துக்கொள்ளும். தொட்டியில் அப்படி மேய இடம் ஏது? வண்ணத்துப்பூச்சி மீன்கள் எல்லாமே இப்படி இல்லை. முதுகில் வெள்ளைக் கொடிபோல நீண்ட துடுப்பு உள்ள இனம் தண்ணீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும், தொட்டித் தீனிக்கும் பழகும். எட்டுக் கோடு மீனில் அரிதாக ஒன்றிரண்டு தேறலாம். அந்த ஒன்றிரண்டை நம்பி மற்றதையெல்லாம் சாகவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, பவளத்தையே வாங்கிப் போடலாமே என்று கேட்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடின பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம். அந்தப் பவளங்களே 2016-இல் கடல் சூடேறி வெளுத்துப்போய்த் தவித்தன. ஆக, சட்டப்படி எடுக்கவே கூடாத ஒன்றைத் தின்னும் மீனை, தீனி டப்பாவோடு சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

கடல்மீன் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த குஞ்சு முதல் நாளிலிருந்தே மனிதர் கொடுக்கும் தீனியில் வளர்ந்தது. எங்கள் தொட்டியில் இப்போது அப்படி இரண்டு இருக்கின்றன. மூடியைத் திறந்தாலே மேலே வந்துவிடும்.

விற்கிறவர்கள் விலைச் சீட்டில் மீனின் பெயருக்குக் கீழே அது எதைத் தின்னும் என்று ஒரு வரி எழுதட்டும். வாங்குகிறவர்கள், அந்த மீன் சாப்பிடுவதைக் கடையிலேயே கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தைப் பார்த்து இந்த வாரமே யாராவது கடைக்குக் கிளம்பியிருக்கலாம். படத்தில் இருப்பது பவளம் மட்டுமே தின்னும் மீன், வீட்டுத் தொட்டியில் பிழைப்பது அரிது என்று அடுத்த இதழில் ஒரு சின்னக் குறிப்பாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
குன்னூர், நீலகிரி.