பிதா என்ற சொல் உனக்கு வராவிட்டால்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும்போதே தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று போன வாரம் போனில் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சையில் நான்கு மதிப்பெண் குறைந்ததற்கு பெல்ட்டைக் கழற்றியவன் நான். கேட்க என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது வருடம் வாசித்தும் எத்தனை வசனங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன்! "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்பது ஏசாயா 66:13. அதை வாழ்த்து அட்டையில் பார்த்திருப்பாய். 42ஆம் அதிகாரத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. வெகுகாலம் மவுனமாயிருந்த தேவன் அங்கே பிள்ளை பெறுகிறவளைப்போலச் சத்தமிடுகிறார். நீ பிறந்த இரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உன் அம்மாவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதைத் தேவனுடைய குரலோடு சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை.

எபிரெய அகராதி ஒன்றைக் கடன் வாங்கினேன். கருப்பைக்கு 'ரெகெம்', இரக்கத்துக்கு 'ரகமீம்'. இரண்டும் ஒரே வேர். ஆவிக்கு 'ரூவாக்', பெண்பால் சொல். ஆதியாகமத்தின் தொடக்கத்தில் ஜலத்தின்மேல் அந்த ஆவி அசைவாடும்போது அங்குள்ள வினையும் பெண்பால். அது வெறும் இலக்கணம் என்பார்கள், இருக்கட்டும். ஆனால் நான்காம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதிய அஃப்ரஹாத் என்ற கிறிஸ்தவ ஞானி பரிசுத்த ஆவியைத் தாய் என்றே சொல்கிறார். நம் தமிழ் வேதத்தில் 'அசைவாடிக்கொண்டிருந்தார்' என்று இருக்கிறது. அந்த 'ஆர்' அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பொது. நான்தான் அதற்கு மீசை வைத்து வாசித்திருக்கிறேன்.

யூத ரபிகள் தேவனுடைய பிரசன்னத்தை 'ஷெகினா' என்றார்கள். அதுவும் பெண்பால் சொல். இஸ்ரவேலர் சிறைப்பட்டுப் போன இடத்துக்கெல்லாம் ஷெகினாவும் கூடவே போயிற்று என்கிறது அந்த ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூது. பின்னால் வந்த, கபாலா என்ற யூத மறைஞான மரபின் ஞானிகள் அதை ராணி, மகள், தாய் என்று உருவாகவே கண்டார்கள். நீ தூரதேசத்தில் இருப்பதால் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இங்கிலாந்தில் நார்விச் நகரத்து ஜூலியன் என்றொரு பெண், 1373இல் சாகக் கிடந்தபோது கண்ட தரிசனங்களை எழுதி வைத்தாள். இயேசுவைத் தாய் என்று கூசாமல் அழைக்கிறாள். தாய் பால் கொடுக்கிறாள், இயேசு தம்மையே கொடுக்கிறார் என்கிறாள். எருசலேமைப் பார்த்து, குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டவர்தானே அவரும்?

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். "இது தெரிய உங்களுக்கு இத்தனை வருடமா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை இறக்கப் போய்விட்டாள்.

பிதா என்று வாயில் வராவிட்டால் விட்டுவிடு. அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்தவன் நான். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. காகிதத்தில் கேட்டால் தப்பித்துக்கொண்டது போலாகும். டிசம்பரில் நீ வரும்போது விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அப்பா