சங்கர், தம்பி விஷயமா கேட்டதுக்கு

சங்கர்,

உன் மெசேஜுக்கு ஒரு வரில பதில் போட மனசு வரலடா, அதான் நீளமா எழுதுறேன். தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல பெரிய நிம்மதி. ஆனா குடி, சிகரெட் எதுவும் இல்லாதவனுக்கு 36 வயசுல ஏன் பெருங்குடல்ல கேன்சர்னு கேட்டியே, அம்மா வேற ஹாஸ்டல்ல கண்டதத் தின்னதாலதான்னு அழறாங்கன்னு எழுதியிருந்த, அது மனச விட்டுப் போகவே இல்ல.

இதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு இப்ப பேசுறது குடல்ல இருக்கற ஒரு பாக்டீரியாவ. ஈ.கோலைன்னு பேரு, நம்ம எல்லார் குடல்லயும் இருக்கு, பெரும்பாலும் சாது. அதுல சில வகைங்க மட்டும் கோலிபாக்டின்னு ஒரு நச்சு சுரக்குது, அது குடல் செல்லுக்குள்ள போய் டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் சேர்த்துப் பூட்டிடுது, செல் அத ரிப்பேர் பண்றப்ப டிஎன்ஏவோட எழுத்து (ஏ, டி, ஜி, சின்னு நாலு இருக்கு) மாறிப்போயிடுது. 2020ல நெதர்லாந்துல உட்ரெக்ட் நகர ஆராய்ச்சியாளருங்க மனுஷக் குடல் செல்லுல இருந்து லேப்ல குட்டிக் குட்டியா உருண்டை வளர்த்து, உள்ள இந்த ஈ.கோலையை ஊசியில ஏத்தி 5 மாசம் விடாம பண்ணிப் பார்த்திருக்காங்க. நச்சு சுரக்க முடியாம ஜீனை முடக்கின அதே பாக்டீரியாவ வேற உருண்டைங்கள்ல விட்டாங்க. நச்சு பட்டதுல மட்டும் ஒரு தனித் தடம், டி எழுத்து மாறியிருக்கு, மூணு எழுத்து முன்னாடி பார்த்தா பெரும்பாலும் ஏ. நிஜ நோயாளிங்க கட்டியில தேடினா அங்கயும் அதே தடம், முக்கியமா பெருங்குடல்ல.

2025ல 11 நாட்டுல 981 பேரோட கட்டிய அலசினாங்க. 40 வயசுக்குள்ள வந்தவங்ககிட்ட இந்தத் தடம், 70க்கு மேல வந்தவங்கள விட 3.3 மடங்கு அதிகம், அதுவும் முதல் 10 வயசுக்குள்ளயே விழுந்திருக்கலாம்னு சொல்றாங்க. தம்பி கட்டியோட ஜீனைப் படிச்சுப் பார்க்காம அவனுக்கும் இதான்னு சொல்ல முடியாது, ஆனா ஹாஸ்டல் சாப்பாட்டையே பிடிச்சுக்கிட்டு அழ வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு. சின்ன வயசுலயே விழுந்திருக்கலாம்ங்கிற கதைய மட்டும் அம்மாகிட்ட எடுக்காத, தன் வளர்ப்புலதான் தப்புன்னு எடுத்துக்குவாங்க.

அதே குடல்ல நல்லது பண்றதும் இருக்குடா. நாம தின்ற நார்ச்சத்த சில பாக்டீரியா ப்யூட்டிரேட்ங்கிற கொழுப்பு அமிலமா மாத்துது, பெருங்குடல் செல்லுக்கு முக்கால்வாசி எரிபொருளே அதுதான். கேன்சர் செல் சர்க்கரைய எரிக்கிறதால ப்யூட்டிரேட் உள்ள தேங்கி, அந்த செல் பெருகுறத மட்டுப்படுத்துறத லேப்ல பார்த்திருக்காங்க. அதுக்காக வாழைத்தண்டு கேன்சர குணப்படுத்தும்னு வர்ற ஃபார்வர்ட நம்பாத, ப்ளீஸ்.

ப்ரோபயாட்டிக் மாத்திரை, அதான் உயிருள்ள நல்ல பாக்டீரியா மாத்திரை, வாங்கித் தரலாமான்னு கேட்டல்ல, டாக்டர கேக்காம வேண்டாம். கீமோல எதிர்ப்பு சக்தி இறங்கியிருக்கும், அப்ப உயிருள்ள பாக்டீரியா கொடுக்கறது ரிஸ்க். இன்னொண்ணு, முதல் உலகப்போர் சிப்பாய் ஒருத்தர்கிட்ட இருந்து 1917ல எடுத்த நிஸில்ங்கிற ஈ.கோலைய இன்னிக்கும் ப்ரோபயாட்டிக்கா விக்கிறாங்க, அதுலயே கோலிபாக்டின் ஜீன் இருக்கு. அதால யாருக்கும் கேன்சர் வந்ததா நிரூபணம் கிடையாது, ஆனாலும் எனக்கு உறுத்துது.

இப்ப உன் விஷயம். கூடப்பிறந்தவனுக்கு இந்த வயசுல வந்தா, அவன் வயசுக்கு 10 வருஷம் முன்னாடியே மத்தவங்க கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கற டெஸ்ட்) பண்ணிக்கணும்னு விதி, நீ அண்ணன், உனக்கு அந்த வயசு எப்பவோ தாண்டிடுச்சு. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ. தேதி வாங்கினதும் சொல்லு, நானும் லீவு போட்டுட்டு வர்றேன்.

உன்,
ரவி